கண்டற் கழிமுகத்தில் ஓடுடைய விலங்குகள்: மாறும் சூழலுக்கான உடற்றொழிலியல் தூண்டற்பேறுகள்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
உயிரியற் பகுதி – மீட்டற் பாடம்



பிரசாரணம், கலச்சுவாசம், ஒருசீர்த்திடநிலை, இசைவாக்கம் ஆகிய தலைப்புகளை நீங்கள் வெவ்வேறு அலகுகளிற் கற்றிருப்பீர்கள். இவை தனித்தனியே வினவப்படும்போது நன்றாக விடை எழுதும் மாணவர் பலர், ஒரே வினாவில் ஒன்றாகக் கலந்து வரும்போது தடுமாறுவதுண்டு. இயற்கையில் இவை ஒருபோதும் தனித்தனியே நிகழ்வதில்லை. கண்டல் வேரில் ஒட்டியிருக்கும் ஒரு சிப்பியை எடுத்து நோக்கினால் இந்நான்கும் ஒரே உடலில், ஒரே நாளில் நிகழ்வதைக் காணலாம். எனவே சிப்பி, மட்டி, நண்டு, இறால் என்னும் நமக்கு நன்கு பழக்கமான விலங்குகளைக் கொண்டே இத்தலைப்புகளை இங்கு மீட்டுப் பார்ப்போம்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• கழிமுகச் சூழலில் மாறும் காரணிகளைப் பெயரிடவும்,
• உவர்த்தன்மை மாறும்போது சிப்பியும் நண்டும் காட்டும் தூண்டற்பேறுகளை வேறுபடுத்தவும்,
• ஒட்சிசன் இல்லாதபோது சிப்பி உயிர்வாழும் முறையை விளக்கவும்,
• சகிப்புத்தன்மைக்கு எல்லை உண்டு என்பதைக் காரணங்காட்டி எடுத்துரைக்கவும்

கூடியவராக இருத்தல் வேண்டும்.

1. கழிமுகம் எத்தகைய சூழல்?

ஆற்று நீரும் கடல் நீரும் ஒன்றுடன் ஒன்று கலக்கும் இடமே கழிமுகம் ஆகும். இது பொங்குமுகம் எனவும் அழைக்கப்படும். ஒடுங்கிய வாயினால் கடலுடன் தொடர்புடைய ஆழங்குறைந்த நீர்நிலை கடனீரேரி அல்லது களப்பு எனப்படும். மட்டக்களப்பு, புத்தளம், நீர்கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலுள்ள கடனீரேரிகளை நீங்கள் அறிவீர்கள். இவற்றின் கரைகளிலே கண்டல், வெண்கண்டல், தில்லை போன்ற தாவரங்கள் வளர்கின்றன.

ஆழ்கடலில் வாழும் ஒரு விலங்கின் சூழல் நாளுக்கு நாள் பெரிதும் மாறுவதில்லை. கழிமுகத்திலோ பின்வரும் காரணிகள் எப்போதும் மாறிக்கொண்டேயிருக்கும்.

அ. உவர்த்தன்மை: கடல் நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. ஆற்று நீரில் இது 0.5 கிராமிலும் குறைவு. கழிமுக நீரின் உவர்த்தன்மை பெரும்பாலும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாகும். எனினும் வரண்ட காலத்தில் ஆழங்குறைந்த கடனீரேரியின் நீர் ஆவியாகும்போது அது கடல் நீரையும் விட உவர்ப்பாகலாம். ஆனையிறவிலும் புத்தளத்திலும் உப்பு விளைவிக்கப்படுவது இதே ஆவியாதலைப் பயன்படுத்தியே ஆகும்.

ஆ. நீர் மட்டம்: வற்றின்போது வேரில் ஒட்டியுள்ள சிப்பி வளியில் தங்கிவிடுகின்றது. பெருக்கின்போது மீண்டும் நீரில் மூழ்குகின்றது.

இ. ஒட்சிசன்: நீரில் கரையும் ஒட்சிசனின் அளவு வெப்பநிலை கூடும்போதும் உவர்த்தன்மை கூடும்போதும் குறையும். கண்டற் சேற்றில் உக்கும் இலைகளைப் பிரிகையாக்கும் பற்றீரியாக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்திவிடுவதால், சேற்றின் மேற்படைக்குக் கீழே ஒட்சிசன் அற்றுப்போகின்றது. அங்கு அழுகிய முட்டை மணமுடைய ஐதரசன் சல்பைட்டும் உண்டாகின்றது.

ஈ. வெப்பநிலை: வெயிலில் வெளிப்பட்ட சேறும் ஓடும் நீரை விட விரைவாகச் சூடாகும்.

உ. அமிலத்தன்மை: உக்கலின் விளைவாகக் கண்டற் சேற்று நீர் கடல் நீரிலும் பார்க்க அமிலத்தன்மை கூடியதாகக் காணப்படும்.

இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயான நீர்மட்ட வேறுபாடு சாதாரணமாக 1 மீற்றரிலும் குறைவானது. எனவே நமது கடனீரேரிகளில் உவர்த்தன்மையைப் பெரிதும் மாற்றுவது பருவமழையாகும். மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்வோம். வரண்ட மாதங்களில் அதன் முகத்துவாரம் மணற்றிட்டியினால் அடைபடும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நன்னீர் பெருகி, மணற்றிட்டி உடையும் அல்லது மனிதரால் வெட்டப்படும். ஆகவே அங்கு வாழும் விலங்கு ஒரே ஆண்டினுள் உவர்ப்பான நீரையும் நன்னீரை அண்மித்த நீரையும் சந்திக்க வேண்டியுள்ளது.

2. நாம் நோக்கும் விலங்குகள்

"ஓடுடைய விலங்குகள்" என்பது ஒரு கணத்தின் பெயரன்று என்பதை முதலில் மனதிற் பதித்துக்கொள்ளுங்கள். இவை இரண்டு வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவை.

மொலஸ்கா: சிப்பி, மட்டி, நத்தை முதலியன. மென்மையான உடல், கல்சியம் காபனேற்றாலான ஓடு. ஓடு உடலுடன் சேர்ந்து வளரும்.

ஆத்திரப்பொடா: நண்டு, இறால் முதலியன. மூட்டுள்ள தூக்கங்கள், கைற்றினாலான புறவன்கூடு. புறவன்கூடு வளராது. எனவே வளர்ச்சியின்போது அது கழற்றப்படும்.

இவ்விரு கணங்களும் ஒரே கழிமுகத்தில் வாழ்ந்தாலும், ஒரே பிரச்சினைக்கு வெவ்வேறு தீர்வுகளைக் கையாளுகின்றன. இவ்வேறுபாடே இப்பாடத்தின் மையமாகும்.

3. உவர்த்தன்மை மாறும்போது

பிரசாரணம் என்பது யாது? நீர்ச்செறிவு கூடிய, அதாவது கரையம் குறைந்த கரைசலிலிருந்து, நீர்ச்செறிவு குறைந்த கரைசலுக்குப் பங்கூடு புகவிடும் மென்சவ்வினூடாக நீர் மூலக்கூறுகள் செல்லுதல் ஆகும். இவ்வரைவிலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழுள்ளவற்றை வாசியுங்கள்.

3.1 சிப்பி: சூழலுடன் ஒத்துப்போகும் விலங்கு

சிப்பியின் உடற்பாய்பொருளின் செறிவு வெளிநீரின் செறிவை ஒத்ததாக மாறும். இத்தகைய விலங்கு பிரசாரண ஒத்தியங்கி எனப்படும். மழைவெள்ளத்தினால் நீரின் உவர்த்தன்மை திடீரெனக் குறைந்தால் சிப்பியில் நிகழ்வன வருமாறு.

படி 1 – நடத்தை: ஓடுகளை இணைக்கும் வலிமையான தசை சுருங்கி இரு ஓடுகளும் இறுக மூடப்படுகின்றன. பழைய உவர்நீர் உள்ளே சிறைப்படுவதால் உடல் உடனடியாகப் பாதிக்கப்படுவதில்லை. சில மணித்தியாலங்களில் நீர் மீண்டும் உவர்ப்பானால் இதுவே போதுமானது.

படி 2 – கலம்: மூடியபடியே காலமெல்லாம் இருக்க முடியாது. உணவுக்கும் ஒட்சிசனுக்குமாக ஓடு திறக்க வேண்டும். திறந்ததும் நன்னீர் உட்புகுந்து உடற்பாய்பொருளை ஐதாக்கும். அப்போது பிரசாரணத்தினால் நீர் கலங்களினுட் புகும். கலங்கள் வீங்கும்.

படி 3 – கலக்கனவளவைச் சீராக்கல்: சிப்பியின் கலங்களினுள் கிளைசீன், அலனீன், தோரீன் போன்ற அமினோவமிலங்கள் சுயாதீன நிலையில் கரைந்துள்ளன. கலம் வீங்கியதும் இவற்றின் ஒரு பகுதி கலத்திலிருந்து வெளியேற்றப்படும் அல்லது உடைக்கப்படும். இதனால் கலத்தினுள் கரையத்தின் அளவு குறைய, மேலதிக நீர் வெளியேறும். கலம் தன் பழைய கனவளவை அடையும். அமினோவமிலங்கள் உடைக்கப்படுவதால் அமோனியாக் கழிவு கூடும்.

உவர்த்தன்மை கூடும்போது இதற்கு எதிரானது நிகழும். கலங்கள் நீரை இழந்து சுருங்கும். பின்னர் கலத்தினுள் அமினோவமிலங்கள் சேர்க்கப்பட, நீர் மீண்டும் உட்செல்லும்.

சோடியம், குளோரைட்டு போன்ற அயன்களைப் பயன்படுத்தாது அமினோவமிலங்களைப் பயன்படுத்துவதில் ஒரு நன்மை உண்டு. கலத்தினுள் அயன்களின் செறிவு மிகவும் கூடினால் நொதியங்களின் தொழிற்பாடு பாதிக்கப்படும். இவ்வமினோவமிலங்கள் செறிவில் மாறினாலும் நொதியங்களைப் பெரிதும் பாதிப்பதில்லை.

3.2 நண்டும் இறாலும்: அகச்சூழலைப் பேணும் விலங்குகள்

கண்டற் சேற்றில் வளை தோண்டி வாழும் சேற்று நண்டு வேறு வழியைக் கையாளுகின்றது. வெளிநீர் ஐதானாலும் தன் உடற்பாய்பொருளின் செறிவை அது உயர்வாகவே பேணும். இத்தகைய விலங்கு பிரசாரணச் சீராக்கி எனப்படும்.

ஐதான நீரில் நண்டு எதிர்நோக்கும் பிரச்சினைகள் இரண்டு. ஒன்று, நீர் பிரசாரணத்தினால் உடலினுட் புகும். மற்றையது, உப்பு அயன்கள் பரவலினால் வெளியேறும். தீர்வுகள் வருமாறு.

• புறவன்கூடு நீரும் உப்பும் எளிதில் ஊடுபுகாதவாறு தடுக்கும்.
• மேலதிக நீர், உணர்கொம்புகளின் அடியிலுள்ள கழிவகற்றும் சுரப்பிகளினால் சிறுநீராக அகற்றப்படும்.
• நண்டின் சிறுநீர் அதன் உடற்பாய்பொருளைப் போன்றே உப்புச் செறிவுடையது. எனவே சிறுநீருடனும் உப்பு இழக்கப்படும். இவ்விழப்பை ஈடுசெய்யப் பூக்களிலுள்ள சிறப்பான கலங்கள் ஐதான நீரிலிருந்து சோடியம், குளோரைட்டு அயன்களை உயிர்ப்பான கடத்தல் மூலம் உள்ளெடுக்கும்.

செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு கூடிய இடத்திற்கு அயன்கள் எடுக்கப்படுவதால் இதற்குச் சத்தி அவசியம். அச்சத்தி கலச்சுவாசத்தினாற் கிடைக்கும் ஏ.ரி.பி. மூலக்கூறுகளிலிருந்து பெறப்படுகின்றது.

கறுப்பு வரி இறாலும் ஒரு சீராக்கியே. வெளிநீரின் உவர்த்தன்மை லீற்றருக்கு ஏறத்தாழ 25 கிராம் ஆகும்போது அதன் உடற்பாய்பொருளும் வெளிநீரும் ஒரே செறிவுடையனவாகும். அதனிலும் ஐதான நீரில் உப்பை உள்ளெடுக்கும். அதனிலும் செறிந்த நீரில் உப்பை வெளியேற்றும்.

நினைவிற் கொள்க: "நண்டு சிறந்தது, சிப்பி தாழ்ந்தது" என எழுத வேண்டாம். நண்டு சத்தியைச் செலவிட்டு அகச்சூழலைப் பேணுகின்றது. சிப்பி அகச்சூழலை மாறவிட்டுச் சத்தியைச் சேமிக்கின்றது. ஆயினும் தன் கலங்களின் கனவளவை அது காத்துக்கொள்கின்றது. நண்டு நகர்ந்து வேறிடம் செல்லும். சிப்பியோ ஒட்டிய இடத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும். ஒவ்வொன்றும் தன் வாழ்க்கை முறைக்கு ஏற்ப இசைவாக்கமடைந்துள்ளது.

4. ஒட்சிசன் குறையும்போது

ஓடு மூடிய சிப்பிக்கு உள்ளே சிறைப்பட்ட நீரிலுள்ள ஒட்சிசன் மட்டுமே கிடைக்கும். அது விரைவில் முடிந்துவிடும். அதன் பின்னர் நிகழ்வன மூன்று.

முதலாவது, சிக்கனம். இதயத்துடிப்பு குறையும். பூக்களிலுள்ள பிசிர்களின் அசைவு நிற்கும். உணவு வடித்தெடுத்தல் நிற்கும். உடலின் மொத்தச் சத்தித் தேவை பன்மடங்கு குறைக்கப்படும்.

இரண்டாவது, காற்றின்றிய சுவாசம். சிப்பியின் உடலில் கிளைக்கோசன் பெருமளவில் சேமிக்கப்பட்டுள்ளது. ஒட்சிசன் இன்றி இது உடைக்கப்பட்டுச் சிறிதளவு சத்தி பெறப்படுகின்றது. நமது தசைகளில் இதன்போது இலற்றிக்கமிலம் உண்டாவதை நீங்கள் கற்றுள்ளீர்கள். சிப்பி போன்ற ஈரோட்டு மொலஸ்காக்களில் பெரும்பாலும் அலனீன், சக்சினிக்கமிலம் முதலியன விளைவுகளாகின்றன. இவ்வழியினால் இலற்றிக்கமில வழியை விடச் சற்றுக் கூடுதலான ஏ.ரி.பி. கிடைக்கின்றது.

மூன்றாவது, அமிலத்தை நடுநிலையாக்கல். மூடிய ஓட்டினுள் அமிலமும் காபனீரொட்சைட்டும் சேர்கின்றன. வெளியேற்ற வழியில்லை. ஆனால் ஓடு கல்சியம் காபனேற்றாலானது அன்றோ! அதன் உட்புறத்தில் மிகச் சிறிதளவு கரைந்து அமிலத்தை நடுநிலையாக்குகின்றது. ஆய்வுகூடத்தில் சுண்ணாம்புக்கல்லுக்கு அமிலம் இட்டபோது நீங்கள் கண்ட தாக்கமும் இத்தகையதே. ஓடு பாதுகாப்புக் கவசமாக மட்டுமன்றி அமிலநீக்கிச் சேமிப்பாகவும் தொழிற்படுகின்றது என்பதை விடையில் எழுதினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

பெருக்கு வந்து ஓடு திறந்ததும் சிப்பியின் இதயத்துடிப்பும் ஒட்சிசன் உள்ளெடுப்பும் சிறிது நேரத்திற்கு வழமையிலும் கூடுதலாகக் காணப்படும். சேர்ந்த விளைவுகளை அகற்றவும் குறைந்த சத்திச் சேமிப்பை மீட்கவும் இது உதவுகின்றது. ஓட்டப் போட்டி முடிந்த பின்பும் நீங்கள் மூச்சிரைப்பதை இதனுடன் ஒப்பிடலாம்.

ஒப்பீடு: ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து காற்றுச் சுவாசத்தில் ஏறத்தாழ 30 ஏ.ரி.பி. கிடைக்கும். காற்றின்றிய சுவாசத்தில் இலற்றிக்கமில வழியில் 2 ஏ.ரி.பி. மட்டுமே கிடைக்கும். அதாவது ஒரே அளவு சத்தியைப் பெற 15 மடங்கு குளுக்கோசு வேண்டும். சிக்கனம் ஏன் அவசியம் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

வேறு சில விலங்குகளின் வழிகள்:

• கண்டற் காட்டின் தரைப்பக்கச் சேற்றில் வாழும் பெரிய கண்டல் மட்டி, பல நாட்கள் பெருக்கு நீர் எட்டாத இடங்களிலும் வாழும். அது ஓட்டைச் சிறிது திறந்து மென்மூடியின் ஈரமான விளிம்பினால் வளியிலிருந்தே ஒட்சிசனைப் பெறக்கூடியது.
• சேற்று நண்டு பூக்கள் ஈரமாக இருக்கும்வரை வளியிலும் உயிர்வாழும். கட்டிய நண்டுகளை ஈரச்சாக்கில் வைத்து உயிருடன் சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய முடிவது இதனாலேயே ஆகும்.
• நண்டு, இறால் ஆகியவற்றின் குருதியில் ஈமோசயனின் என்னும் நிறப்பொருள் உண்டு. இதில் செம்பு அடங்கியுள்ளது. ஒட்சிசனுடன் சேர்ந்ததும் நீல நிறமாகும். சேற்றில் வாழும் குருதி மட்டியின் குருதியில் நமக்குள்ளதைப் போன்று இரும்பு அடங்கிய ஈமோகுளோபின் உண்டு. எனவே அதன் தசையும் குருதியும் சிவப்பாகத் தோன்றும்.

5. வெப்பநிலை கூடும்போதும் உடல் உலரும்போதும்

சிப்பி, நண்டு, இறால் ஆகியன மாறும் உடல் வெப்பநிலையுடைய விலங்குகள். சூழல் வெப்பநிலை 10 பாகை செல்சியசினால் கூடும்போது இவற்றின் அனுசேபத் தாக்கங்களின் வீதம் பொதுவாக 2 தொடக்கம் 3 மடங்காகும். அதாவது ஒட்சிசன் தேவை கூடும். ஆனால் வெப்பமான நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனோ குறைவு. தேவை கூடும்போது கிடைப்பது குறைகின்றது என்பதே இங்குள்ள சிக்கல். வெப்பநிலை மேலும் கூடினால் நொதியங்களின் அமைப்பு சிதைந்து தாக்கங்கள் நின்றுவிடும்.

இதற்கான தூண்டற்பேறுகள்:

• நடத்தை: சிறு நண்டுகள் குளிர்ந்த ஈரமான வளையினுட் செல்லும். கண்டல் மரத்தில் வாழும் சில நத்தைகள் தண்டிலும் இலையிலும் ஏறித் தங்கி, ஓட்டின் வாயை மூடிகொண்டு அடைத்து நீரிழப்பைக் குறைக்கும்.
• கலம்: வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் சிறப்பான புரதங்கள் உண்டாகும். இவை சிதைவுறத் தொடங்கிய ஏனைய புரதங்கள் மீண்டும் உரிய வடிவத்தைப் பெற உதவும்.

இப்புரதங்களை ஆக்குவதற்கும் சத்தி செலவாகும்.

6. அமிலத்தன்மையும் ஓடும்

அமிலத்தன்மையான நீர் ஓட்டின் கல்சியம் காபனேற்றைக் கரைக்கும். இதனைத் தடுக்க ஓட்டின் வெளிப்புறத்தில் புரதத்தினாலான மெல்லிய தோற்படை காணப்படும். கண்டல் மட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள். இரு ஓடுகளும் பொருந்தும் மேட்டுப் பகுதியே ஓட்டின் மிகப் பழைய பகுதி. அங்கு தோற்படை தேய்ந்து, ஓடு அரிக்கப்பட்டு வெண்மையாகத் தோன்றும். விலங்கு உட்புறமாகப் புதிய ஓட்டுப் படைகளைச் சுரந்து இதனை ஈடுசெய்யும். கழிமுக நீர் எத்தகையது என்பதற்கான சான்றை மட்டி தன் முதுகிலேயே சுமக்கின்றது எனலாம்.

7. சகிப்புத்தன்மைக்கு ஓர் எல்லை உண்டு

மேற்கூறிய தூண்டற்பேறுகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று வருவதைக் கவனித்தீர்களா? அதுதான் சத்திச் செலவு. விலங்கு உணவிலிருந்து பெறும் சத்தி பின்வருமாறு பங்கிடப்படுகின்றது.

பெறப்படும் சத்தி = உயிரைப் பேணல் + வளர்ச்சி + இனப்பெருக்கம் + கழிவுடன் இழத்தல்

சூழல் கடுமையாகும்போது உயிரைப் பேணும் செலவு கூடும். அதேவேளை ஓடு மூடியிருப்பதால் உணவு கிடைப்பது குறையும். முதலில் வளர்ச்சி குறையும். பின்னர் முட்டை, விந்து உற்பத்தி குறையும். கிளைக்கோசன் சேமிப்பு முடிந்தால் விலங்கு இறக்கும். ஆகவே ஒரு நாள் நன்னீரைத் தாங்கும் சிப்பி, பல வாரங்கள் நீடிக்கும் வெள்ளத்தைத் தாங்கும் எனக் கருதுதல் தவறாகும். மாற்றத்தின் அளவு, அது நிகழும் வேகம், அது நீடிக்கும் காலம் ஆகிய மூன்றும் முக்கியமானவை.

மேலும் வாழ்க்கை வட்டத்தின் எல்லா நிலைகளும் ஒரே அளவு சகிப்புடையன அல்ல. நிறையுடலி நண்டு ஐதான நீரைத் தாங்கும். ஆனால் அதன் குடம்பி தாங்காது. எனவேதான் முட்டை சுமக்கும் பெண் சேற்று நண்டு கடலை நோக்கிச் செல்கின்றது. முகத்துவாரம் உரிய காலத்தில் திறந்திருத்தல் அடுத்த சந்ததிக்கு எவ்வளவு அவசியம் என்பதைச் சிந்தியுங்கள்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமன்று. களப்பை அண்டி வாழும் பல குடும்பங்களின் அன்றாட வருமானம் நண்டிலும் இறாலிலும் மட்டியிலுமே தங்கியுள்ளது. மழைவெள்ளம் வயல்களை மூடும்போது முகத்துவாரத்தை விரைவாக வெட்டுமாறு விவசாயிகள் கேட்பர். உவர்த்தன்மையும் நீர் மட்டமும் திடீரென மாறுவது மீனவரைக் கவலைகொள்ளச் செய்யும். இரு பகுதியினரின் தேவையும் நியாயமானதே. எப்போது, எவ்வளவு விரைவாக வெட்டுவது என்பதைத் தீர்மானிக்க இவ்விலங்குகளின் உடற்றொழிலியல் பற்றிய அறிவு உதவும். இறால் வளர்ப்புக் குளங்களிலும் இவ்வாறே. உவர்த்தன்மை சடுதியாக மாறும்போது இறாலின் நோயெதிர்ப்பு குறைந்து, வெண்புள்ளி நோய் போன்ற வைரசு நோய்கள் எளிதில் பரவும். 1990களில் இந்நோய் இலங்கையின் இறால் வளர்ப்புத் தொழிலைப் பெரிதும் பாதித்தது.

கண்டற் காடுகள் நிழலால் சேற்றின் வெப்பத்தைத் தணிக்கின்றன. வேர்களால் நீரோட்டத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. சிப்பிக்கு ஒட்டிடமும் இறாற் குஞ்சுக்கு ஒளிவிடமும் தருகின்றன. கண்டலை வெட்டும்போது இவ்விலங்குகள் தாங்க வேண்டிய மாற்றங்களை நாம் மேலும் கடுமையாக்குகின்றோம்.

8. செயற்பாடு

தேவையானவை: உருளைக்கிழங்கு, கறியுப்பு, நீர், 3 முகவைகள், அளவுகோல், கத்தி.

முறை:
(i) 200 மில்லிலீற்றர் நீரில் 7 கிராம் உப்பைக் கரைக்க. இது லீற்றருக்கு 35 கிராம் செறிவுடைய "கடல் நீர்" எனக் கொள்க.
(ii) இதில் 20 மில்லிலீற்றரை எடுத்து 80 மில்லிலீற்றர் நீருடன் கலக்க. இது லீற்றருக்கு 7 கிராம் செறிவுடைய "கழிமுக நீர்" ஆகும்.
(iii) மூன்றாவது முகவையில் சாதாரண நீரை இடுக. இது "ஆற்று நீர்".
(iv) 5 சென்ரிமீற்றர் நீளமான உருளைக்கிழங்குக் கீலங்கள் மூன்று வீதம் ஒவ்வொரு முகவையிலும் இட்டு, 2 மணித்தியாலத்தின் பின் நீளத்தையும் விறைப்பையும் அவதானிக்க.

அவதானம்: "கடல் நீரில்" இட்ட கீலங்கள் சுருங்கித் தொய்யும். "ஆற்று நீரில்" இட்டவை சற்று நீண்டு விறைப்பாகும். "கழிமுக நீரில்" இட்டவற்றில் மாற்றம் மிகச் சிறிதாகும்.

சிந்திக்க: இவ்வுருளைக்கிழங்குக் கலங்களுக்கும் சிப்பியின் கலங்களுக்கும் இடையேயான முக்கிய வேறுபாடுகள் இரண்டு. தாவரக் கலத்திற்குக் கலச்சுவர் உண்டு. எனவே அது வெடிக்காது. சிப்பியின் கலத்திற்குக் கலச்சுவர் இல்லை. எனவே அமினோவமிலங்களைக் கொண்டு கனவளவைச் சீராக்குகின்றது. இச்செயற்பாடு பிரசாரணத்தைக் காட்டுமேயன்றிச் சீராக்கத்தைக் காட்டாது.

9. பயிற்சி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிக.

1. ஐதான நீரில் ஓடு திறந்த சிப்பியின் கலங்களில் முதலில் நிகழ்வது,
(1) நீர் வெளியேறிக் கலம் சுருங்கல் (2) நீர் உட்புகுந்து கலம் வீங்கல் (3) உப்பு உயிர்ப்பான கடத்தலால் உட்செல்லல் (4) ஓடு கரைதல்

2. 2 லீற்றர் கடல் நீர் (35 கிராம்/லீற்றர்), உப்பற்ற 3 லீற்றர் நீருடன் கலந்தால் கலவையின் உவர்த்தன்மை லீற்றருக்கு,
(1) 7 கிராம் (2) 12 கிராம் (3) 14 கிராம் (4) 17.5 கிராம்

3. நண்டின் குருதியில் ஒட்சிசனைக் கடத்தும் நிறப்பொருளில் அடங்கும் உலோகம்,
(1) இரும்பு (2) செம்பு (3) மகனீசியம் (4) கல்சியம்

4. பல மணித்தியாலங்கள் மூடியிருந்த சிப்பியின் உட்பாய்பொருளில் கல்சியம் அயன்கள் கூடுவதற்குக் காரணம்,
(1) உணவு சமிபாடடைதல் (2) கடல் நீர் உட்புகல் (3) அமிலத்தினால் ஓடு சிறிதளவு கரைதல் (4) தசை சிதைதல்

பகுதி II – அமைப்புக் கட்டுரை

பயிற்சிக்காக அமைக்கப்பட்ட தரவு: ஒரு சிப்பியின் இதயத்துடிப்பு (நிமிடத்திற்கு) – நீரில் 20, வளியில் 1 மணித்தியாலத்தின் பின் 8, 4 மணித்தியாலங்களின் பின் 4, மீண்டும் நீரில் இட்டு 15 நிமிடத்தில் 26, 3 மணித்தியாலங்களின் பின் 20.

(அ) துடிப்பு 20 இலிருந்து 4 ஆகக் குறைவதனால் சிப்பிக்குக் கிடைக்கும் நன்மை யாது?
(ஆ) மீண்டும் நீரில் இட்டதும் துடிப்பு 26 ஆகக் கூடுவது ஏன்?
(இ) இப்பரிசோதனையில் மாறாது பேணப்பட வேண்டிய காரணிகள் இரண்டைத் தருக.

பகுதி III – கட்டுரை

மழைவெள்ளத்தின் பின் களப்பொன்றின் நீர் மூன்று வாரங்கள் நன்னீராகவே இருந்தது. சிப்பிகள் பல இறந்தன. சேற்று நண்டுகள் பெரும்பாலும் பிழைத்தன. காரணங்களை விளக்குக.

விடைகள்

பகுதி I: 1 – (2), 2 – (3), 3 – (2), 4 – (3).
வினா 2 இற்கான கணித்தல்: மொத்த உப்பு 35 × 2 = 70 கிராம். மொத்தக் கனவளவு 5 லீற்றர். 70 ÷ 5 = 14.

பகுதி II: (அ) சத்தித் தேவை குறைவதால் கிளைக்கோசன் சேமிப்பு நீண்ட நேரம் போதுமானதாகும். (ஆ) காற்றின்றிய சுவாசத்தின் விளைவுகளை அகற்றவும் சத்திச் சேமிப்பை மீட்கவும் கூடுதலான ஒட்சிசன் தேவைப்படுவதால். (இ) வெப்பநிலை, நீரின் உவர்த்தன்மை.

பகுதி III இற்கான விடைக் குறிப்பு: சிப்பி ஒத்தியங்கி, ஓரிடத்தில் ஒட்டியது, ஓடு மூடல் குறுகிய காலத்திற்கே உதவும், மூடியிருக்கையில் உணவும் ஒட்சிசனும் இல்லை, சேமிப்பு முடிதல், திறந்தால் கலங்கள் வீங்கல், சீராக்க எல்லை கடக்கப்படல். நண்டு சீராக்கி, பூக்களினால் அயன்களை உயிர்ப்பாக உள்ளெடுத்தல், புறவன்கூடு, நகர்ந்து செல்லல், உணவு உண்டு சத்தி பெறல்.

விடை எழுதும்போது கவனிக்க: "சிப்பி சூழலுக்கு இசைவாக்கமடைந்துள்ளது" என்று மட்டும் எழுதினால் அது விளக்கமாகாது. எந்தக் காரணி மாறியது, உடலில் முதலில் என்ன நிகழ்ந்தது, விலங்கு என்ன செய்தது, அதற்குச் சத்தி எங்கிருந்து வந்தது என்னும் ஒழுங்கில் எழுதுங்கள். இவ்வொழுங்கைப் பழகிக்கொண்டால், நீங்கள் ஒருபோதும் கேள்விப்படாத விலங்கைப் பற்றிய வினாவுக்கும் தயங்காது விடையளிக்கலாம்.